பொள்ளாச்சிக் குரல் எட்டாத இடம்

என் சித்தப்பா வெள்ளியங்கிரியின் குரல் கேட்டுத் திரும்பாத உயிர் இந்தப் பூமியில் கிடையாது. இதை அவரே பல சபைகளில் அறிவித்திருக்கிறார். மறுத்தவர் யாரும் இல்லை. மறுத்திருந்தாலும் அவர் பேசிக்கொண்டிருக்கும்போது அது யார் காதிலும் விழுந்திருக்காது. பொள்ளாச்சியில் வாய்க்காலுக்கு இந்தப் பக்கம் நின்று அவர் ஒரு சத்தம் கொடுத்தால், அந்தப் பக்கம் மரத்தில் ஏறியிருப்பவர் பாதி மரத்திலேயே நின்று "என்னுங்க?" என்பாராம். கலிஃபோர்னியாவின் மில்பிடாஸில் அவர் டெஸ்ட் இன்ஜினியராக இருக்கும் கம்பெனியில் தீ எச்சரிக்கை மணி பழுதானபோது, மணி சரியாகும் வரை அவரையே மாடிப்படிக்குப் பக்கத்தில் உட்கார வைத்தார்கள். இந்தக் கடைசித் தகவல் மட்டும் நான் சேர்த்தது.

அப்படிப்பட்ட குரலுக்குத் திரும்பாத ஒரே ஆள் அவர் வீட்டிலேயே இருந்தாள். அவர் மகள் எழிலரசி. எட்டு வயது.

எப்போதும் திரும்பமாட்டாள் என்று சொல்லிவிட முடியாது. பெரும்பாலும் திரும்புவாள், "வாட், அப்பா?" என்று அலுத்துக்கொள்ளவும் செய்வாள். சில சமயம் மட்டும், ஸ்பூன் வாய்க்குப் போகும் வழியில் பாதியில் நிற்கும். கண் எங்கோ நிலைக்கும். இமை லேசாகத் துடிக்கும். ஆள் நாற்காலியில் இருப்பாள், ஆனால் இருக்கமாட்டாள். பத்து வினாடி போல. பிறகு ஸ்பூன் மிச்ச வழியைக் கடந்து வாய்க்குப் போய்ச் சேரும். நடுவில் எதுவும் நடக்காததுபோல் மென்றுகொண்டிருப்பாள். அவளைப் பொறுத்தவரை நடக்கவும் இல்லை.

சித்தி சாந்தாமணி இதற்கென்று ஒரு வழக்கம் வைத்திருந்தாள். பேசிக்கொண்டிருக்கும்போது எழில் காணாமல் போனால், பேச்சை அங்கேயே நிறுத்துவாள். காத்திருப்பாள். பெண் திரும்பி வந்ததும், விட்டுப்போன வாக்கியத்தை அப்போதுதான் முதல் முறையாகச் சொல்வதுபோல் மெதுவாக மறுபடி சொல்வாள். அதைக் கேலி செய்வதைச் சித்தப்பா தன் பொறுப்பாக எடுத்துக்கொண்டிருந்தார்.

"ஏன் அம்மிணி, உங்கம்மாளுக்கு டேப்பு சிக்கிக்கிச்சா? சொன்னதே ரெண்டு தடவ ஓடுது!"

"நீங்க சும்மா இருங்க."

"புள்ளையக் கெடுக்கறதே நீதான் சாந்தாமணி. ஓங்கி ஒரு சத்தம் குடுத்தா தன்னால வருவா. நீ ரீவைண்ட் பண்ணிப் பண்ணிக் குடுத்தா எந்தப் புள்ள மொதத் தடவையே கேக்கும்?"

அவர்கள் குடியிருந்த சான் ரமோனில் எழிலின் டீச்சர், பெண் வகுப்பில் கனவு காண்கிறாள் என்றார். குழந்தைகள் டாக்டர் நரம்பு டாக்டரிடம் அனுப்பினார். நரம்பு டாக்டர் எழிலின் தலையில் ஒயர்களை ஒட்டி, கையில் ஒரு காகிதக் காத்தாடியைக் கொடுத்து, விடாமல் ஊதச் சொன்னார். எழில் ஊதினாள். காத்தாடி சுற்றியது. பிறகு காத்தாடி நின்றது. எழிலும் நின்றாள். கம்ப்யூட்டர் திரையில் கோடுகள் அலையலையாக எழுந்தன. குழந்தைகளுக்கு வருகிற ஒருவகை வலிப்பு, பெயர் ஆப்சென்ஸ், மருந்துக்குக் கேட்கும், பெரும்பாலான பிள்ளைகளுக்கு வளர வளரப் போய்விடும், அதுவரை நீச்சல் மட்டும் வேண்டாம் என்றார் டாக்டர். சித்தி எல்லாவற்றையும் நேரில் பார்த்தாள். சித்தப்பா பார்க்கவில்லை. அப்போது அவர் பார்க்கிங் தேடி ஆஸ்பத்திரியை நாலாவது சுற்று சுற்றிக்கொண்டிருந்தார்.

அவர் மேலே வந்து சேர்ந்ததும் தீர்ப்பு மாறியது.

"வலிப்புன்னா கையும் காலும் ஒதறோணும். வாயில நொரை தள்ளோணும். இவ சும்மா பாக்குறா. இதுக்குப் பேரு யோசன. எங்கப்பாரும் இப்படித்தான் மோட்டுவளையப் பாத்துட்டு உக்காந்திருப்பாரு. அவுரு பஞ்சாயத்து பிரசிடென்ட்!"

ஆகவே மருந்து பாட்டில் ஃப்ரிட்ஜின் தலைமேல், சீல் உடைக்காமல் உட்கார்ந்திருந்தது. எழிலின் நீச்சல் பை வாசல் கொக்கியில் தொங்கியது. மருந்து வேலை செய்தால் நீச்சலுக்குப் போகலாம். மருந்து கொடுக்க அப்பா ஒப்ப வேண்டும். எழிலுக்கு இந்தக் கணக்கு தெளிவாகப் புரிந்திருந்தது. தினமும் பையின் ஜிப்பைத் திறந்து, நீச்சல் கண்ணாடி உள்ளே இருக்கிறதா என்று பார்த்து மூடுவாள்.

சித்தப்பாவின் நிபந்தனை ஒன்றே ஒன்று. "மூளையப் படம் புடிச்சுக் காட்டட்டும். படத்துல இருந்தா மருந்து. இல்லீன்னா இல்ல. நான் டெஸ்ட் இன்ஜினியரு. கண்ணால பாக்காம எதையும் ஒப்பமாட்டேன்."

படம் என்று அவர் வாய் திறந்ததும் எல்லோரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். இரண்டாயிரமாவது ஆண்டில் கம்ப்யூட்டர் படிக்காமல் கலிஃபோர்னியாவில் திரிந்த ஒரே கொங்குநாட்டுப் பையன் நான்தான். சைக்காலஜி. என்னை அறிமுகப்படுத்தும்போது உறவினர்கள் குரலைத் தாழ்த்திக்கொள்வார்கள். என் பல்கலைக்கழகத்தில் மூளையை ஸ்கேன் எடுக்கும் ஆராய்ச்சிக்கூடம் ஒன்றில் எனக்குப் பகுதிநேர வேலை. அதை நடத்தியவர் டாக்டர் பத்மராணி, யாழ்ப்பாணத்துக்காரர். இந்த ஆப்சென்ஸ் வருகிற பிள்ளைகளை ஸ்கேன் இயந்திரத்துக்குள் படுக்க வைத்து, அந்தப் பத்து வினாடியில் மூளைக்குள் எங்கே என்ன நடக்கிறது என்று பார்ப்பதுதான் அவருடைய ஆராய்ச்சி. என் பங்கு அவ்வளவு உயர்ந்ததல்ல. அந்த இயந்திரம் ஒரு ராட்சதக் காந்தம். உள்ளே போகிறவர்களிடம் இரும்பு இருக்கிறதா என்று நான் சோதிக்க வேண்டும்.

விஷயம் ஊருக்குப் போனதும், பொள்ளாச்சியில் இருந்து பெரியம்மா போன் செய்தார். "புள்ள கையில இரும்புச் சாவியக் குடுங்க, சரியாப் போயிரும்." இரும்புச் சாவியை உள்ளே விடாத அறை ஒன்று உலகத்தில் உண்டென்றால் அது எங்களுடையது. அதன் வாயில்காப்போன் நான்.

சனிக்கிழமை காலை மூவரும் வந்தார்கள். தூரத்தில் இருந்து பார்த்தபோதே எழிலின் தலையில் கலிஃபோர்னியா சூரியன் பளபளத்தது.

"சித்தி, தலைக்கு என்ன போட்டீங்க?"

"எண்ணெய்தான் முகிலு. நேத்து வெள்ளிக்கெழம, எண்ணெ வெச்சுக் குளிச்சா. இன்னைக்குக் காலைல இவுருதான் இன்னொரு கை அள்ளி வெச்சாரு."

"மூளைக்கு டெஸ்ட்டுடா," என்றார் சித்தப்பா. "சூடாயிருமல்ல?"

"தலையில எதுவும் போட வேண்டாம்னு ஷீட் குடுத்தோமே."

"வரி வரியாப் படிச்சேன். ஜெல் கூடாது. ஸ்ப்ரே கூடாது. கண்டிஷனர் கூடாது. எண்ணெ கூடாதுன்னு எங்க போட்டிருக்கு? காட்டு பாப்பம்."

போட்டிருக்கவில்லை. எண்ணெயைத் தலையில் வைக்கிற பொருளாகவே நினைக்காத, தலையின் ஒரு பாகமாக நினைக்கிற மக்கள் வருவார்கள் என்று அதை எழுதிய அமெரிக்கருக்குத் தோன்றவில்லை. சரிபார்த்துக் கையெழுத்துப் போட்ட யாழ்ப்பாணத்தாருக்குத் தோன்றியிருக்கலாம். தோன்றவில்லை. எழிலின் தலையில் நான் ஒட்டிய முதல் ஒயர் காது வரை வழுக்கி வந்தது. இரண்டாவது ஒயர் அதைத் துரத்திக்கொண்டு வந்தது.

பீக்கர் கழுவும் தொட்டியில் எழிலின் தலையைச் சாய்த்து, பாத்திரம் விளக்கும் சோப்புத் திரவத்தால் கழுவினோம். நான் குழாயைப் பிடித்தேன். சித்தி தேய்த்தாள். சித்தப்பா வாசலில் நின்று மேற்பார்வை செய்தார். பெண் நெளியாமல் இருக்கச் சித்தி கதை சொன்னாள். அது அவளே கட்டிய கதை. ஒரு எருமை, டிரைவிங் லைசென்ஸ் வாங்க டிஎம்வி ஆஃபீஸுக்குப் போகிறது.

"மூணு மணி நேரம் க்யூவுல நின்னு எருமை கவுன்ட்டருக்குப் போச்சு. அங்கிருந்த அம்மா கேட்டாங்க, 'உங்களுக்குக் கண்ணு நல்லாத் தெரியுமா?' எருமை சொல்லுச்சு..."

நிறுத்தினாள். எழிலின் கண் கூரையில் நிலைத்திருந்தது. நான் குழாயை மூடினேன். சொட்டுச் சொட்டாக நீர் விழும் சத்தம் மட்டும் கேட்டது. கண் அசைந்ததும் சித்தி தொடங்கினாள்.

"அங்கிருந்த அம்மா கேட்டாங்க, 'உங்களுக்குக் கண்ணு நல்லாத் தெரியுமா?'"

"அண்ட் வாட் டிட் த எருமை ஸே?"

"'எதுக்க லாரி வந்தா நல்லாத் தெரியுமுங்க. நகரத்தான் மாட்டேன்'னு சொல்லுச்சு."

எழில் சிரித்ததில் சோப்பு நுரை என் சட்டைக்கு வந்தது. வாசலில் இருந்து சித்தப்பா, "சிக்கிக்கிச்சு பாரு டேப்பு!" என்றார். ஆய்வகம் முழுதும் கேட்டது. அடுத்த அறையில் இருந்த எலிகளுக்கும் கேட்டிருக்கும்.

ஒயர்கள் ஒட்டிக்கொண்டன. எழிலோடு உள்ளே இருக்கச் சித்தி வந்தாள். அவள் தாலிக்கொடியில் இருந்து நான் கழற்றி வைத்த ஊக்குகளைக் கொண்டு ஒரு சின்ன தையல்கடை வைக்கலாம். எழிலை ஸ்கேன் இயந்திரத்தின் குழாய்க்குள் தள்ளினோம். வெளியே நீட்டிக்கொண்டிருந்த பாதத்தைச் சித்தி பிடித்துக்கொண்டாள். கண்ணாடிச் சுவருக்கு இந்தப் பக்கம், திரைகளுக்கு முன்னால் டாக்டர், நான், சித்தப்பா.

முதலில் மூளையின் அமைப்பைக் காட்டும் படம் வந்தது. சித்தப்பா மூக்கு திரையில் படும்படி குனிந்தார்.

"டாக்டரம்மா, இதுல ஏதாச்சும் இருக்குதுங்களா?"

"ஒண்டுமில்லை. படம் நல்ல வடிவா இருக்கு. இந்த வருத்தத்தில..."

"கேட்டியாடா முகிலா! சுத்தம்! ஒரு புள்ளி இல்ல! நான் அன்னைக்கே சொன்னனா இல்லியா?"

"ஐயா, நான் சொல்லி முடிக்கேல்லை. இந்த வருத்தத்தில படம் எப்பவும் வடிவாத்தான் இருக்கும். இது இருக்கிற இடத்தைக் காட்டிற படம். நடக்கிறதைக் காட்டாது. நடக்கிறதை இனித்தான் பாக்கப் போறம்."

யாழ்ப்பாணத்தில் வருத்தம் என்றால் நோய். சித்தப்பா முதல் பாதியை மட்டும் பெற்றுக்கொண்டு, இரண்டாம் பாதியைத் திருப்பி அனுப்பிவிட்டார். முகத்தில் வெற்றி. எனக்கு ஃப்ரிட்ஜின் தலைமேல் இருக்கும் பாட்டில் கண்ணுக்கு வந்தது. படம் பார்த்தாகிவிட்டது. படத்தில் ஒன்றுமில்லை. அவர் நிபந்தனைப்படி அந்த சீல் இனி உடையப்போவதில்லை.

"சித்தப்பா, உங்க ஆஃபீஸ்ல சில சர்க்யூட் போர்டு டேபிள்ல வெச்சு டெஸ்ட் பண்ணா பாஸ் ஆகும். கஸ்டமர்கிட்டப் போனா நடுநடுவுல நின்னுரும். அதுக்கு நீங்க ஊரையே திட்டுவீங்களே, அது மாதிரி..."

"என்ற புள்ள போர்டு இல்லடா."

"சரிங்க."

எழிலுக்கு ஒரு விளையாட்டுக் கொடுத்திருந்தோம். குழாய்க்குள் கண்ணாடியில் ஆங்கில எழுத்துகள் ஒவ்வொன்றாய் வரும். ஒவ்வொன்றுக்கும் கையில் உள்ள பொத்தானை அழுத்த வேண்டும். இயந்திரம் தடதடவென்று சத்தம் போடத் தொடங்கியது. ஒரு திரையில் எழுத்து. அதன் கீழே அவள் அழுத்தியதற்கு ஒரு பச்சைப் புள்ளி. இன்னொரு திரையில் தலையின் ஒயர்களில் இருந்து வரும் கோடுகள். எழுத்து, புள்ளி. எழுத்து, புள்ளி. சித்தப்பா பெருமையாக ஒவ்வொரு புள்ளிக்கும் தலையாட்டிக்கொண்டிருந்தார்.

எழுத்து. புள்ளி இல்லை.

"வந்திட்டுது," என்றார் டாக்டர், மூச்சு விடுவதுபோல்.

கோடுகள் ஒரே அச்சில் வார்த்த மலைகளாய் எழுந்தன. எழுத்துகள் ஒன்றன்பின் ஒன்றாக வந்து, யாரும் கவனிக்காமல் போய்க்கொண்டிருந்தன. சித்தப்பாவின் தலையாட்டல் நின்றது. அடுத்து அவர் செய்ததை நான் எதிர்பார்த்திருக்க வேண்டும். குழாய்க்குள் இருப்பவரோடு பேசுவதற்கான மைக்கின் பொத்தானை அமுக்கி, பொள்ளாச்சி வாய்க்கால் கரையில் கால் ஊன்றிக் கூப்பிடுவதுபோல் கூப்பிட்டார்.

"எழிலு!"

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் சித்தி துள்ளி எழுந்தாள். வெளியே தாழ்வாரத்தில் யாரோ எதையோ கீழே போட்டார்கள். எழிலின் காதில் ஹெட்ஃபோன் இருந்தது, குரல் நேராக உள்ளேதான் போனது. மலைகள் மாறவில்லை.

"மைக்கு ரிப்பேருடா."

"மைக் நல்லா இருக்குது சித்தப்பா. கைய எடுங்க."

"எழிலு! ஏ அம்மிணி!"

எழுத்துகள் போய்க்கொண்டே இருந்தன. பச்சைப் புள்ளி ஒன்றுகூட இல்லை. தன் குரல் போய், எதிலும் மோதாமல், திரும்பியும் வராமல் இருப்பதை அவர் திரையில் பார்த்துக்கொண்டு நின்றார். கடைசியாக அவர் வாயில் இருந்து வந்தது கூப்பாடு அல்ல. பொத்தானில் இருந்த விரலை எடுக்க மறந்திருந்தார், அவ்வளவுதான்.

"கண்ணு..."

மலைகள் அறுந்தாற்போல் நின்றன. பச்சைப் புள்ளி. அடுத்த எழுத்து, அடுத்த புள்ளி. பிறகு ஸ்பீக்கரில் எழிலின் குரல் வந்தது.

"அப்பா? டிட் யூ கால் மீ?"

"கூப்புட்டேன் கண்ணு. நாலு தடவ கூப்புட்டேன்."

"நோ. ஒன்ஸ். 'கண்ணு'ன்னு. ரியலி சாஃப்ட்." பிறகு இயந்திரச் சத்தத்துக்கு நடுவே கேட்டாள். "ஆம் ஐ இன் ட்ரபிள்?"

"இல்ல. இல்ல சாமி."

டாக்டர் இயந்திரத்தை நிறுத்தினார். அந்த ஸ்கேன் ஓட்டம் வீண், மறுபடி முதலில் இருந்து எடுக்க வேண்டும். வேறு யாராக இருந்தாலும் அறையை விட்டு வெளியேற்றியிருப்பார். சித்தப்பாவின் முகத்தைப் பார்த்துவிட்டு நாற்காலியை இழுத்துப் போட்டார்.

"இருங்கோ ஐயா."

"அவ வேணும்னு பண்ணலீங்களா?"

"இல்லை."

"அப்ப நான் வீட்ல சத்தம் போடறப்ப?"

"உங்கட குரல் காது வரைக்கும் போகுது. அதுக்கு அங்கால எங்க நிக்குது எண்டுதான் நாங்களும் தேடுறம். எங்களுக்கும் இன்னும் சரியாத் தெரியாது. ஆனா அது முடிஞ்சு நினைவு திரும்பேக்க பிள்ளைக்கு உங்கட முகம் தெரியும். கோவமான முகம். அது ஏன் எண்டு மட்டும் தெரியாது."

சித்தப்பா கண்ணாடி வழியாக, சித்தி பிடித்திருந்த அந்தப் பாதத்தைப் பார்த்தார். நீலச் சாக்ஸ். கட்டைவிரல் தாளம் போட்டுக்கொண்டிருந்தது.

"இண்டைக்கே மருந்தைத் தொடங்குங்கோ," என்றார் டாக்டர்.

மறுபடி எடுத்த ஓட்டத்தின்போது சித்தப்பா தன் இரண்டு கைகளையும் தொடைக்குக் கீழே வைத்து உட்கார்ந்திருந்தார். மலைகள் வந்தன. போயின. மூச்சுச் சத்தம்கூட இல்லை. டாக்டருக்கு நல்ல தரவு கிடைத்தது.

வீடு திரும்பும்போது நானும் கூடப் போனேன். சித்தி மதியச் சாப்பாடு என்று சொல்லியிருந்தாள். ஃப்ரீவேயில் ஒரு லாரி எங்களை உரசுவதுபோல் முந்தியது. சித்தப்பா ஒன்றும் சொல்லவில்லை. இன்னொன்று முந்தியது. அதற்கும் சொல்லவில்லை. சித்தி பயந்துபோய், "ஏனுங்க, உடம்புக்கு ஒன்னுமில்லியே?" என்று கேட்டாள்.

வீட்டுக்குள் நுழைந்ததும் செருப்பைக்கூடக் கழற்றாமல் ஃப்ரிட்ஜின் தலைமேல் இருந்த பாட்டிலை எடுத்தார். குழந்தைகள் திறக்க முடியாதபடி செய்த மூடி. அமுக்கினார், திருகினார், சட்டை நுனியால் பிடித்துத் திருகினார். சிலிக்கான் பள்ளத்தாக்கில் பதினோரு வருட அனுபவமுள்ள டெஸ்ட் இன்ஜினியரிடம் மூடி அசையவில்லை.

"அப்பா, கிவ் மீ," என்று வாங்கி எழில் ஒரே அமுக்கில் திறந்து கொடுத்தாள்.

அளந்து ஊற்றியதைக் குடித்துவிட்டு முகத்தைச் சுளித்தாள். "யக்! நவ் கேன் ஐ ஸ்விம்?"

"இன்னைக்கே முடியாது கண்ணு. மருந்து உள்ள போயி வேல செய்யோணும். டாக்டர் சரின்னா நானே கூட்டீட்டுப் போறேன்."

"தென் டெல் மீ த எருமை ஸ்டோரி."

சித்தி குளியலறையில், சேலையில் ஊறிய எண்ணெயோடும் சோப்போடும் போராடிக்கொண்டிருந்தாள். சித்தப்பா என்னைப் பார்த்தார். நான் சாம்பாரைப் பார்த்தேன். அவருக்கு வேறு வழியில்லை.

"அது வந்து..." தொண்டையைக் கனைத்தார். ஜன்னல் கண்ணாடி அதிர்ந்தது. "எருமைக்கு ரோட் டெஸ்ட்டு! கார்ல ஏறி உக்காந்துச்சு! சீட் பெல்ட்டு எட்டல! பக்கத்துல கிளிப்போர்டோட ஒரு ஆபீசரு! அவுரு சொன்னாரு, 'ரைட்டுல திரும்புங்க!' எருமை என்ன பண்ணுச்சு, கண்ணாடியப் பாத்துச்சு..."

எழிலின் கண் நிலைத்துவிட்டது. கையில் அப்பளம், பாதி வழியில்.

எனக்குப் பழக்கதோஷம், தோளைக் குறுக்கிக்கொண்டேன். சத்தம் வரவில்லை. சித்தப்பா வாயை மூடிக்கொண்டார். மேஜையின் ஓரத்தைப் பிடித்துக்கொண்டு, முகத்தைச் சாதாரணமாக வைத்துக்கொள்ளப் படாதபாடு பட்டார். புருவத்தை இறக்கினார். கொஞ்சம் சிரித்துப் பார்த்தார். அது சரிப்படாமல் மறுபடி சாதாரணமாக்கினார். ஃப்ரிட்ஜ் உறுமிக்கொண்டிருந்தது. குளியலறையில் தண்ணீர் நின்றது.

அப்பளம் மிச்ச வழியைக் கடந்து வாய்க்குப் போனது. எழில் நிமிர்ந்து அப்பாவின் முகத்தைப் பார்த்தாள்.

அவர் பொள்ளாச்சியை மறந்து, மேஜைக்கு மட்டும் கேட்கும்படி, இப்போதுதான் முதல் முறையாகச் சொல்வதுபோல் சொன்னார்:

"ஆபீசரு சொன்னாரு, 'ரைட்டுல திரும்புங்க.' எருமை என்ன பண்ணுச்சு, கண்ணாடியப் பாத்துச்சு..."